நார்வே மலையில் காணாமல் போன அண்ணாச்சி

1

“ஆடு மேய்க்கிறவன் மவளுக்கு ஏரோப்ளேன் எதுக்குட்டி? அங்கன போனாலும் நீ ஆடுதான மேய்க்கப் போற?”

இதைச் சொன்னவர் எங்கள் ஊர் தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் பாதையில் அவருக்கு ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. எங்கள் பக்கம் அதை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அந்த ஆபீசில் என் அம்மா பெட்டிக்குள் குச்சி அடைக்கிறாள். ஆபீசுக்குப் பின்னால் அண்ணாச்சியின் கரிசல் காடு. அறுவடை முடிந்ததும் அந்தக் காட்டில் என் அப்பா கருப்பசாமி செம்மறிக் கிடை போடுவார். ஆடுகளை ராத்திரியெல்லாம் நிலத்தில் அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் விழுந்து மண் தேறும். ஆக, எங்கள் வீட்டின் காலையும் மாலையும் அண்ணாச்சியின் கண் முன்னால்தான் நடக்கும்.

நார்வே நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படிக்க நான் தேர்வான செய்தியைச் சொல்ல, ஒரு டப்பா லட்டோடு அவரிடம் போயிருந்தேன். முதல் லட்டை முழுதாகச் சாப்பிட்டார். இரண்டாவதைப் பாதி கடித்துக்கொண்டு மேற்படி கேள்வியைக் கேட்டார். எனக்குக் காதெல்லாம் சூடானது. “வாரேன் அண்ணாச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மீதி லட்டுகளை நினைத்து அன்று மாலை வரை வருத்தமாக இருந்தது.

இப்போது நார்வேயின் மேற்குக் கரையில், கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணாச்சி, உங்கள் வாக்கு எழுத்துக்கு எழுத்து பலித்துவிட்டது. ஏரோப்ளேன் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, கடைசியில் ஒரு படகும் ஏறி வந்து, நான் ஆடுதான் மேய்த்தேன். அதற்கு இங்கே மார்க் போடுகிறார்கள். முதலில் போடவில்லை. பிறகு போட்டார்கள். இடையில் நடந்ததை ஊருக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

2

என் பெயர் முத்துப்பேச்சி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதை நான் அடக்கமாகச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்கிறேன். விலங்கியலில் முதுகலை படிக்கிறேன்.

ஆனால் முதல் ஆளாக இருப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. மற்ற வீட்டுப் பிள்ளைகள் தோற்றால் அந்தப் பிள்ளை தோற்றதாகச் சொல்வார்கள். நான் தோற்றால் ‘பொம்பளப் பிள்ளைய படிக்க வச்சதே தப்பு’ என்று ஆகிவிடும். எங்கள் பல்கலைக்கழகம் விதித்த நிபந்தனையோ இன்னும் கறார்: நார்வேயில் எடுக்கும் எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் அந்தப் பருவமே செல்லாது, ஊருக்கு வந்து ஒரு வருடம் மறுபடி படிக்க வேண்டும். ஒரு வருடம் மறுபடி படிக்க என்னை யாரும் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். புதியம்புத்தூரில் தையல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு மாமா ஏற்கெனவே இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

விசாவுக்கு அப்பாவின் தொழில் சான்று வேண்டியிருந்தது. கிராம நிர்வாக அலுவலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“எத்தன ஆடுங்க?”

“கெடக்கு சார்,” என்றார் அப்பா.

“கெடக்குன்னா எத்தன?”

“பாக்குததுக்கு நல்லாக் கெடக்கு சார்.”

“யோவ், நான் பேப்பர்ல என்னய்யா எழுத?”

அப்பா வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டை எண்ணி வாயால் சொன்னால் கண்பட்டுக் குறையும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அப்பாவின் அப்பாவும் எண்ணியதில்லை. கால்நடைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் எங்கள் கிடையைக் கண்டாலே ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தாங்களே வரப்பில் ஏறி நின்று எண்ணிக்கொள்வார்கள். அன்று நான்தான் அலுவலரிடம் ஒரு தோராயமான எண்ணைச் சொன்னேன். வெளியே வந்ததும் அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! விலங்கியல் படித்தவள் என்ற தைரியத்தில், “அதெல்லாம் மூடநம்பிக்கைப்பா” என்றேன். இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கே இது திருப்பி அடிக்கும்.

3

வந்து இறங்கிய முதல் நாள் மழை. இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் காலை லேசாக வெளுத்தது, நான் ஏமாந்து துணி காயப்போட்டேன், மழை.

கரிசல்காட்டுப் பெண்ணுக்கு இது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியில் ஒரு மேகம் வந்தால் ஊரே அண்ணாந்து பார்க்கும் இடத்திலிருந்து வந்தவள் நான். முதல் வாரம் வகுப்பு விட்டதும் குடை இல்லாமல் தெருவில் நின்றேன். சும்மா நின்றேன். எனக்குச் சிரிப்பாக வந்தது. என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் மாரென் ஜன்னலைத் திறந்து, “ஏதாவது தொலைச்சிட்டியா?” என்று கேட்டாள். மாரென் என் வகுப்புத் தோழி. இந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவள். ஆறடி உயரம். மழையை அவள் ஒரு கொசுவைப் போலத்தான் நினைக்கிறாள்.

அந்த மழையைக் கைப்பேசியில் பிடித்து அப்பாவுக்கு நேரலையில் காட்டினேன். அப்பா கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஏட்டி, இது எப்ப நிக்கும்?”

“நிக்காதாம்ப்பா.”

“யாரும் வைய மாட்டாகளா?”

“வையுதாகப்பா. மழை பெய்யுதேன்னு வையுதாக.”

“அடப் பாவிகளா!” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், “ஒரு வாரத்த மட்டும் இங்கன அனுப்பி வைக்கச் சொல்லு. ஆட்டுக்குக் கடிக்கப் புல்லு இல்ல” என்றார்.

அடுத்த குதூகலம் வருகைப் பதிவில். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் ஏறியிருக்கிறது. ஆகவே இங்கே எல்லாப் பட்டியலிலும் நான் கருப்பசாமி. வங்கியில் கருப்பசாமி, நூலகத்தில் கருப்பசாமி, சலவை இயந்திரத்துக்கு முறை எழுதும் தாளில் கருப்பசாமி. மேய்ச்சல் நிலச் சூழல் பாடம் நடத்தும் இங்ரிட் என்ற ஆசிரியை முதல் நாள் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, “கா-ருப்-பா-சா-மி!” என்று கூப்பிட்டார். நான் எழுந்து நின்று “உள்ளேன் அம்மா” என்று தமிழில் சொல்லிவிட்டேன். இங்கே யாரும் எழுந்து நிற்பதில்லை. ஆசிரியரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை.

“என் பேரயா?”

“ஆமாப்பா. தெனமும்.”

“பள்ளிக்கூடத்துக்குள்ள வச்சா?”

“ஆமாப்பா!”

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: “இவிய பேர இதுவரைக்கும் ரேஷன் கடையிலதான் கூப்பிட்டிருக்காக. அதுவும் சீனி இல்லன்னு சொல்லதுக்கு.”

4

ஆகஸ்ட் மாதத்தில் இங்ரிட் எங்கள் வகுப்பை ஒரு வாரம் மலைக்குக் கூட்டிப்போனார். இங்கே கோடைக்கு ஆடுகளை மலையில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஆட்டுக்காரர் கூடவே இருப்பதில்லை.  தனியாகவா? கடலைக் காட்டுக்குள் புகுந்தால்? நரி வந்தால்? “இங்கே கடலை கிடையாது” என்று மாரென் சமாதானம் சொன்னாள். நரியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நாங்கள் போனது மாரெனின் அப்பா ஊலாவின் ஆடுகள் மேயும் ஒரு பள்ளத்தாக்கு. ஊலா, பேச்சுக்குப் பஞ்சமான மனிதர். ஒரு நாளைக்கு ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் செலவழிக்க மாட்டார். நாங்கள் ஆளுக்கு ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு எது எங்கே மேய்கிறது, எவ்வளவு நேரம் மேய்கிறது என்று குறிக்க வேண்டும். இதுதான் பாடம்.

எனக்குக் கிடைத்த கூட்டத்தைப் பார்த்ததும் அழுகை வந்தது. எங்கள் ஆடுகள் வெள்ளை மேனியில் செம்பொட்டு விழுந்தவை. ஒன்றின் பொட்டு மற்றொன்றுக்கு வராது. இவையோ முழு வெள்ளை, ஒன்றுபோல் ஒன்று. இதில் யாரை என்னவென்று கூப்பிட?

இரண்டாம் நாள் மாலையில்தான் கண் திறந்தது. ஒரு பெரிய ஆடு எப்போதும் மேட்டின் மேல்தான் நிற்கும். மற்றவை மேய்ந்துகொண்டிருக்கும்போது அது சுற்றிலும் ஒரு பார்வை பார்க்கும். யாராவது நல்ல புல்லைக் கண்டுபிடித்துவிட்டால் மெல்ல வந்து நிற்கும். உடனே புல்லைக் கண்டுபிடித்த ஆடு விலகிவிடும். சாப்பிடும்போது அதன் கீழ்த்தாடை அசைகிற அசைவைப் பார்த்தேன். இரண்டாவது லட்டு ஞாபகம் வந்தது.

பெட்டை ஆடுதான். இருந்தாலும் அதற்கு ‘அண்ணாச்சி’ என்று பேர் வைத்துவிட்டேன். (இதைப் படிக்கும் அண்ணாச்சி மன்னிக்க வேண்டும். அந்தக் கூட்டத்திலேயே லட்சணமான ஆடு அதுதான்.)

ஒரு பெயர் வந்ததும் மற்றவை தானாக வந்தன. அண்ணாச்சிக்குப் பின்னாலேயே, ஒரு முழம் தள்ளி, ஒரு ஒல்லி ஆடு எப்போதும் போகும். அண்ணாச்சி நின்றால் நிற்கும். அது ‘கணக்குப்பிள்ளை’. காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருந்தது ‘மைக்செட்’. ஒன்றையொன்று உரசிக்கொண்டே நடந்த இரட்டையருக்கு மட்டும் தனித்தனிப் பெயர் வைக்க முடியவில்லை. வார முடிவில் மாரெனுக்கு எல்லாப் பெயரும் மனப்பாடம். “அணாச்சி குட் மார்னிங்” என்று அந்த ஆட்டைப் பார்த்துக் கும்பிடவும் பழகிவிட்டாள்.

5

செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளைக் கீழே கொண்டுவரும் நாள். இங்கே அது எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா மாதிரி. வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, ஒரு பெரிய பானையில் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் வேகிறது. எங்கள் வகுப்புக்கோ அது செய்முறைத் தேர்வு. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. அதைச் செய்து அறிக்கை எழுத வேண்டும். எனக்கு வந்த வேலை: என் கூட்டம் மலை வேலியின் கதவைத் தாண்டும்போது எண்ணுவது.

ஆட்டுக்காரன் மகள் என்பதால் இங்ரிட் அன்போடு ஒதுக்கிய வேலை. இதைவிட எளிதான ஒன்று அங்கே இல்லை.

நான் கதவருகில் நின்றேன். மழை. மாரெனும் மற்றவர்களும் பின்னாலிருந்து ஓட்டிவர, வெள்ளை வெள்ளையாகக் கதவுக்குள் பாய்ந்தன. நான் நாக்கை மடித்து அப்பா கொடுக்கும் சத்தத்தைக் கொடுத்தேன். முதல் நான்கைந்து திடுக்கிட்டு நின்று என்னைப் பார்த்துவிட்டு ஓடின. எனக்குக் குஷி தாங்கவில்லை. மைக்செட் கத்திக்கொண்டே போனது. இரட்டையர் உரசிக்கொண்டே போனார்கள். கணக்குப்பிள்ளை வந்தது. தனியாக வந்தது. கதவுக்கு நடுவில் நின்று திரும்பிப் பார்த்தது. பின்னால் வந்தவை அதை இடித்துத் தள்ளிக்கொண்டு போயின.

எல்லாம் முடிந்தது. இங்ரிட் தாளோடு வந்தார்.

“கருப்பசாமி, எத்தனை?”

“ஒண்ணு குறையுது,” என்றேன்.

“சரி. எத்தனை வந்தது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எண்ணவே இல்லை. ஒன்று, இரண்டு என்று ஆரம்பிக்கக்கூட இல்லை. அப்பா கிடை வாசலில் நிற்பதைப் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மூடநம்பிக்கை என்று வாய் சொல்லிவிட்டது. உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

“தெரியாது,” என்றேன்.

மாரென் மூச்சிரைக்க வந்து நின்றாள். “எத்தனை வந்ததுன்னு தெரியாது, ஆனா ஒண்ணு குறையுதுன்னு தெரியுமா?”

“அண்ணாச்சியக் காணும், மாரென்!”

அண்ணாச்சி யார் என்று மாரெனுக்குத் தெரியும். ஊலாவுக்குத் தெரியாது. மலையில் ஓர் ஆள் காணாமல் போய்விட்டார் என்று நினைத்து, மீட்புப் படையைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்துவிட்டார். மாரென் அவர் கையைப் பிடித்து நார்வேஜிய மொழியில் விளக்கினாள். விளக்கம் நீண்டுகொண்டே போனது. நடுவில் அவள் கும்பிட்டும் காட்டினாள். ஊலா என்னைப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்தார். கைப்பேசியைப் பைக்குள் போட்டார்.

பிறகு அத்தனை பேரும் நனைந்துகொண்டு நிற்க, ஆடுகளை ஒரு பட்டிக்குள் அடைத்து ஊலாவே எண்ணினார். இருமுறை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. எத்தனை என்று இங்கேயும் எழுத மாட்டேன். ஒன்றும் குறையவில்லை.

“இல்ல, குறையுது,” என்றேன்.  பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. “கீழே போகலாம்,” என்றார் இங்ரிட். அன்று முட்டைக்கோசும் கறியும் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். எதிரில் இருந்தவர்கள் எல்லாம் என் தட்டைப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பதைப் போலவே இருந்தது.

மறுநாள் காலை பண்ணையில் ஒவ்வோர் ஆட்டின் காதிலும் மாட்டியிருந்த அடையாள வில்லையை ஒரு கருவியால் தொட்டுப் பதிவு செய்தார்கள். பாதியில் ஊலா நிறுத்தினார். ஒரு வில்லை அவருடையது இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் ஆடு ஒன்று கூட்டத்தில் கலந்து வந்திருந்தது. அப்படியானால் இவருடையது ஒன்று மலையில் நிற்கிறது. ஒன்று கூடி வந்ததும் ஒன்று விடுபட்டதும் சமமானதால் எண்ணிக்கை சரியாக இருந்திருக்கிறது.

ஊலா எழுந்து வந்து என் முன்னால் நின்றார். அன்றைய நாளின் முதல் இரண்டு சொற்களை எனக்காகச் செலவழித்தார்.

“அணாச்சி. எங்கே?”

மாரெனும் நானும் அவரோடு மலை ஏறினோம். இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்தோம். இரண்டு பாறைகளுக்கு நடுவில், எந்தப் பக்கமும் போக முடியாத ஒரு சின்ன மேட்டில், தனக்கென்று வாய்த்த ஒரு பாத்தி நல்ல புல்லை மேய்ந்துகொண்டு நிம்மதியாக நின்றது. எங்களைப் பார்த்து ஒரு தடவை தாடையை அசைத்தது. ‘எதுக்குட்டி இவ்வளவு தூரம்?’ என்று கேட்டதைப் போலவே இருந்தது. ஊலா கயிற்றைக் கட்டி இறங்கி அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நான் மழையில் நின்று கைதட்டினேன். கீழே பட்டியில் விட்டதும் கணக்குப்பிள்ளை ஓடிவந்து ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டது.

6

இத்தோடு கதை சுபம் என்று நானும் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. கருப்பசாமி: தேர்ச்சி இல்லை.

இங்ரிட் அறைக்கு ஓடினேன். கையில் அறிக்கை. அதில் ‘எண்ணிக்கை’ என்ற கட்டம் காலி.

“ஆனா நான் சொன்னது சரிதானே?”

“சரி,” என்றார். “நீ சொன்னதுதான் சரி, எங்கள் எண்ணிக்கைதான் தப்பு. ஆனால் நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று இதில் ஒரு வரியும் இல்லை. ‘பார்த்தேன், தெரிந்தது’ என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நான் எப்படி மார்க் போட?” பிறகு, “இரண்டு வாரம் தருகிறேன். மறுபடி எழுது. அதற்கு மேல் எனக்கு அதிகாரம் இல்லை,” என்றார்.

இரண்டு வாரம். தவறினால் பருவம் போச்சு. கண்ணுக்குள் புதியம்புத்தூர் தையல் இயந்திரம் ஓட ஆரம்பித்தது.

அப்பாவைக் கூப்பிட்டேன். தோற்றதைச் சொல்லவில்லை.

“எப்பா, கிடையில ஒண்ணு குறைஞ்சா எப்படிக் கண்டுபிடிக்க?”

“பாத்தாத் தெரியும்.”

“அதான் எப்படித் தெரியும்? நான் எழுதணும்ப்பா.”

“இத எழுதவா ஏரோப்ளேன்ல போன?” பிறகு அவரே கேட்டார். “வீட்டுக்குள்ள வந்த ஒடனே உங்கம்மா இல்லன்னா தெரியுதுல்லா? எண்ணிப் பாத்தா தெரிஞ்சிக்கிடுதேன்?”

“எண்ண மாட்டாக,” என்று அம்மா உள்ளே புகுந்தாள். “சட்டியத் தொறந்து பாப்பாக. கொழம்பு இல்லன்னா நான் இல்லன்னு தெரிஞ்சிக்கிடுவாக.”

“சும்மா கெட ஏட்டி, பிள்ளைக்குப் பரீட்ச!”

ஊலாவின் ஆடுகளை நேரலையில் காட்டி, ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். அப்பா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். “கதர்க்கடையில வேட்டி அடுக்குன மாதிரில்லா கெடக்கு. எனக்கு ஒரு எழவும் வெளங்கல,” என்று கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

ஏமாற்றத்தோடு படுத்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். அப்பாவுக்கே தெரியவில்லை! அப்படியானால் இது பரம்பரை ரத்தமும் இல்லை, மந்திரமும் இல்லை. பழக்கம். அம்மா சொன்னதுதான் சரி. அப்பா அம்மாவைத் தேடுவதில்லை. குழம்பு இருக்க வேண்டிய இடத்தில் குழம்பு இல்லை என்பதைத்தான் பார்க்கிறார். நானும் அன்று அண்ணாச்சியைத் தேடவில்லை. கணக்குப்பிள்ளை தனியாக வந்ததைத்தான் பார்த்தேன். ஆடு கூட்டமாக நடப்பதில்லை, துணையாக நடக்கிறது. யாருக்குப் பக்கத்தில் யார் என்று தெரிந்துவிட்டால், ஒன்று இல்லாத இடம் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும்.

மறுநாளே மாரெனோடு ஊலாவின் பண்ணையில் ஆஜர். நான் திரும்பி நிற்க வேண்டும், மாரென் ஒரு ஆட்டைக் கொட்டகைக்குள் ஒளித்துவிட்டு மற்றவற்றைக் கதவு வழியாக ஓட்டுவாள், யார் இல்லை என்று நான் சொல்ல வேண்டும். பத்து முறை செய்தோம். எட்டு சரி. தவறிய இரண்டும் இரட்டையரால். அவர்கள் விஷயத்தில் யார் போய் யார் மிஞ்சியது என்று கடவுளுக்கும் தெரியாது.

பிறகு மாரெனுக்குக் கற்றுக்கொடுத்தேன். “முகத்தைப் பாக்காதே, யார் பக்கத்துல யாருன்னு பாரு” என்றேன். முதல் நாள் பத்தில் ஒன்று. அதுவும் மைக்செட். சத்தம் இல்லாததால் கண்டுபிடித்தாள், அது கள்ளாட்டம். பத்தாம் நாள் பத்தில் ஆறு. ஆறாவது சரியானதும் அந்த ஆறடிப் பெண் சேற்றில் குதித்த குதியில் என் கண்ணாடியெல்லாம் சேறு. ஊலாவும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முயன்று பார்த்தார். எத்தனை சரி என்று கேட்டால் சொல்ல மறுத்துவிட்டார்.

இதையெல்லாம் எழுதினேன். வரைபடம் போட்டேன். எந்த ஆடு எந்த ஆட்டோடு என்று கோடு கோடாக இழுத்தேன். கல்யாண வீட்டுப் பந்திக்கு யாரை யார் பக்கத்தில் உட்காரவைப்பது என்று அம்மா திட்டம் போடுவது போலவே அது வந்திருந்தது. காலியாக இருந்த கட்டத்தில், ‘எண்ணிக்கை மட்டும் போதாது, காரணம் பின்னே’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பட்டியல் வந்தது. கருப்பசாமி: தேர்ச்சி.

அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும், தோற்றதையும் சேர்த்து, ஒரே மூச்சில் சொன்னேன். அவர் தோல்வியை விட்டுவிட்டார், அண்ணாச்சி ஆட்டையும் விட்டுவிட்டார்.

“என் பேருக்கு நேராவா பாஸுன்னு போட்டிருக்காக?”

“ஆமாப்பா.”

“படிச்சிக் காட்டு.”

படித்தேன்.

“இன்னொருக்கா.”

படித்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அவியளுக்கு ஜலதோசம்,” என்றாள் அம்மா.

7

என் முதுகலை ஆய்வை நம் கிடைகளை வைத்தே செய்யலாம் என்று இங்ரிட் எங்கள் பேராசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டார். அதோடு நிற்கவில்லை. மாணவர் பரிமாற்றம் என்றால் இந்தப் பக்கமிருந்தும் ஒருவர் போக வேண்டும் அல்லவா? இத்தனை வருடமாக இங்கிருந்து யாரும் கேட்டதில்லையாம். இப்போது மாரென் கேட்டுவிட்டாள். பொட்டு விழுந்த ஆடுகளைப் பார்க்க வேண்டும். மழை இல்லாத வானத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிஜ அண்ணாச்சியைப் பார்க்க வேண்டும். மூன்றாவதைப் படிவத்தில் எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் அண்ணாச்சிக்கு நானே போன் போட்டேன்.

“யாரு? கருப்பசாமி மவளா? அங்கன குளிரு எப்படிட்டி?”

“நல்லாருக்கு அண்ணாச்சி. மாசி மாசம் உங்க காட்டுல அப்பா கிடை போடுவாகல்லா, அப்ப என் கூட்டாளி ஒருத்தியும் இருக்கலாமான்னு கேக்கத்தான்.”

“எந்த ஊருப் பிள்ள?”

“நார்வே அண்ணாச்சி.”

“எதுல வருது?”

“ஏரோப்ளேன்ல அண்ணாச்சி.”

“எதுக்கு?”

இந்தக் கேள்விக்காக நான் எத்தனை மாதம் காத்திருந்தேன்! மூச்சை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, ருசித்துச் சொன்னேன்.

“ஆடு மேய்க்க அண்ணாச்சி.”

   அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“அந்தப் பிள்ளைக்கு நம்ம வெயில் தாங்காதேட்டி. கெணத்துப் பக்கம் வேப்ப நெழலு கெடக்கு, அங்கனக்குள்ள கிடையப் போடச் சொல்லு உங்கப்பன. அப்புறம் ஏட்டி... அன்னைக்கு லட்டு நல்லாருந்துச்சு. வரும்போது வாங்கிட்டு வா.”

இன்று காலை மாரெனின் படிவத்தை இருவரும் உட்கார்ந்து நிரப்பினோம். களப் பயிற்சி அளிப்பவர் பெயர் என்ற இடத்தில் கருப்பசாமி என்று எழுதினேன். இந்த முறை அது நான் இல்லை. கல்வித் தகுதி கேட்டார்கள். ‘பள்ளி சென்றதில்லை’ என்று தயங்காமல் எழுதினேன். அனுபவம்: பிறந்ததிலிருந்து. கடைசியில் ஒரு கட்டம்: மந்தையில் உள்ள ஆடுகளின் எண்ணிக்கை.

மாரென் என்னைப் பார்த்தாள். நான் மாரெனைப் பார்த்தேன். தை பிறப்பதற்கு முன்னால் கிளம்பும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை வாங்கியாகிவிட்டது, இனி ஒரு கட்டத்துக்காகப் பின்வாங்க முடியாது.

‘பார்ப்பதற்கு நன்றாகக் கிடக்கின்றன’ என்று ஆங்கிலத்தில் தட்டி, அனுப்பிவிட்டேன்.